கல்லில் உள்ள பெயரும் ஏட்டில் உள்ள பெயரும்



எங்கள் கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வழியாக டிக்கோயா சென்றால், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி தேயிலை நடுவே நிற்கிறது வார்லி தேவாலயம். அங்கிலிக்கன் திருச்சபையின் இந்தக் கற்கோயில் எழுந்த ஆண்டு 1878. அன்று நீர்த்தேக்கமும் இல்லை; ஹட்டனுக்கு ரயிலும் இல்லை. ரயில் 1884இல்தான் வந்தது. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த நெருக்கடியிலும் துரைமார் கோயில் எழுப்பினார்கள். ஊரைவிட்டு வெகுதூரம் வந்தவனுக்குத் தொழ ஓர் இடமும் அடங்க ஓர் இடமும் வேண்டுமல்லவா? இரண்டும் அங்கே கிடைத்தன.

இன்னும் மேலே, பொகவந்தலாவையில், புனித மரியாள் தேவாலயம். புகைப்படக் கலையில் பெரும்பெயர் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1879 ஜனவரியில் காலமாகி இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். விஞ்ஞானி டார்வினையும் கவிஞர் டெனிசனையும் படம் பிடித்தவர் அவர். 1875இல் இலங்கைக்கு வந்தபின் இங்குள்ள உழைப்பாளிகளையும் படம் பிடித்தார். டார்வினின் படத்துக்குப் பெயர் உண்டு. களுத்துறையில் எடுத்த ஒரு படத்துக்கோ 'களுத்துறைக் குடியானவர் கூட்டம்' என்பதே தலைப்பு. முகம் இருக்கிறது, பெயர் இல்லை.

இக்கல்லறைகளிடையே நடக்கும்போதெல்லாம் எனக்குள் எழும் கேள்வி ஒன்றுண்டு. காடு வெட்டிக் கன்று நட்ட நம்மவர் பெயர்கள் எங்கே?

1854இல் தோட்டங்களில் ஊழியம் தொடங்கிய மிஷனுக்கு இட்ட பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் லயன் லயனாக நடந்து சுவிசேஷம் சொன்னார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் மாரியம்மனை விடவில்லை. சிலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கூலி என்று கூட்டமாக அழைத்தவர்களே, ஞானஸ்நானத் தொட்டியருகில் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதினார்கள். குழந்தையானால் தாய் தகப்பன் பெயரும் ஏட்டில் ஏறியது.

அது சிறிய காரியமன்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரிடம் என்ன கேட்டது? தந்தை இலங்கையில் பிறந்தவரா? இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா? தலைமுறை தலைமுறையாக உழைத்தும், காட்டக் காகிதமின்றி இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். அவர்களில் எஞ்சியோர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தகப்பன் பெயர் எழுதிய ஒரு வரியின் பெறுமதி அப்போது தெரிந்தது.

மலைநாட்டு ஈரமும் கறையானும் கல்லைத் தின்னா, ஏட்டைத் தின்னும். கல்லறைக்குச் சுண்ணாம்பு பூசும் அக்கறையில் பாதியாவது பழைய பதிவேடுகளுக்கும் வேண்டும். சபையாரே பிரதி எடுத்து வைக்கலாம். இத்தேவாலயங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், கல்லை வாசித்ததோடு நில்லாமல் ஏட்டையும் விரிக்கட்டும். கோயிலைக் கட்டுவித்தவர் பெயர் முதற்பக்கத்திலேயே கிடைக்கும். அதற்குக் கல் சுமந்தவனின் பேரப்பிள்ளைகளைத் தேட, இன்னும் பல பக்கங்கள் புரட்ட வேண்டும்.