கடைசி வரிசைக்கும் கேட்கவேணும்



நாடகத்தைப் பற்றிப் பேச ஒரு வைத்தியரை ஏன் கூப்பிட்டார்கள் என்று யோசிப்பீர்கள். நான் முதன்முதல் நடித்தது இந்த மேடையில்தான். தொண்ணூறுகளில், மின்சாரம் இல்லாத காலம். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில், மகனைத் தேடும் தாயாக நின்றேன்.

ஒத்திகையின் முதல் வாரம் ரீச்சர் வசனமே தரவில்லை. தோளை உயர்த்தாமல் வயிறு விரிய மூச்சை இழுத்து, மெல்ல விடப் பழக்கினார். பிறகு கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டு, "கத்தாதை பிள்ளை, எனக்குச் சொல்லு" என்றார். கத்தினால் தொண்டைதான் கட்டும். மூச்சின் பலத்தில், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் பேசினால் குரல் தானாகப் போய்ச் சேரும். ஒலிபெருக்கி வருமுன்னே விடிய விடியக் கூத்தாடிய நம் அண்ணாவிமாருக்கு இது தெரிந்த வித்தை.

இரண்டாவது பாடம், கேட்பது. மற்றவர் வசனம் எப்போது முடியும் என்று பார்த்து நிற்பது கேட்பதாகாது. அவர் சொல்வது நம் முகத்தில் தைக்கவேண்டும். பதில் அதிலிருந்து பிறக்கவேண்டும்.

மூன்றாவதை ஏச்சு வாங்கித்தான் படித்தேன். ஒத்திகையில் நான் விம்மி விம்மி அழுதேன். ரீச்சர் நிறுத்தினார். "இந்தத் தாய் அழவே வந்தவ? மகனைத் தேட வந்தவ. நீ தேடு." அழுகையை விட்டுவிட்டுத் தேடினேன். அன்று சபை அழுதது.

இவை நம் மண்ணில் வேரூன்றிய பாடங்கள். இதே நெல்லியடியில் அம்பலத்தாடிகள், கோயில் நுழைவுப் போராட்டத்தைக் காத்தவராயன் கூத்துப் பாணியில் 'கந்தன் கருணை'யாக ஆடினார்கள். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம், போரின் மனக்காயங்களை 'அன்னை இட்ட தீ'யில் மேடைக்குக் கொண்டுவந்தார்.

வைத்தியராகிய முதல் ஆண்டில் ஒரு தகப்பனிடம், அவருடைய மகள் பிழைக்கமாட்டாள் என்று சொல்லவேண்டி வந்தது. கையிலிருந்த கடதாசியைப் பார்த்தபடி வேகமாக ஒப்புவித்தேன். அவர் தலையாட்டினார். நான் திரும்பும்போது, "அப்ப எப்ப வீட்டை கூட்டிக்கொண்டு போகலாம், டொக்ரர்?" என்று கேட்டார். என் குரல் அவரிடம் போய்ச் சேரவே இல்லை. மேடையில் படித்ததை நான் வாட்டில் மறந்துபோயிருந்தேன்.

அதன்பின் அப்படியான செய்தி சொல்லுமுன் கதிரையை இழுத்து எதிரே அமர்வேன். ஒரு மூச்சு. முகத்தைப் பார்த்து ஒரு வசனம். பிறகு மௌனம். அந்த மௌனத்தில் அவர்கள் கேட்பதைக் கேட்பேன். இது பாசாங்கு இல்லை. நடிப்பென்பது எதிரே நிற்பவரை முழுதாகக் கவனிப்பது.

"விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைக்கு நாடகம் என்னத்துக்கு?" என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதில் இதுதான். நூறு வயதாகும் நம் பாடசாலையில் பழைய மாணவிகளாகிய நாம் கட்டடம் கட்டிக் கொடுக்கிறோம், நல்லது. ஆண்டுக்கு ஒரு நாடகமும் மேடையேற வழிசெய்வோம். கடைசி வரிசையில் நின்று கேட்க நான் வருவேன்.