வருமானம் இல்லாத வேலை
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)

"மண்ணு பிசையறதுல என்னம்மா வருமானம்?"னு போன கூட்டத்துல கேட்டீங்க. ஒரு பைசா இல்லீங்க. நாங்கள் ஏழு பேரும் இதற்காக உள்கடனும் வாங்கவில்லை.

பக்கத்தில் புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே செய்வது ஸ்டோன்வேர். சூளை 1200 டிகிரிக்கு மேல் போகணும். நமக்குக் கட்டுப்படியாகாது. ஊரில் மண்பாண்டம் செய்கிற அண்ணன் சூளையில் ஓரமாக நம்ம சட்டியையும் அடுக்குகிறோம்.

செய்த சட்டியை நிழலில்தான் காய வைக்கணும். வெயிலில் வைத்தால் விளிம்பு முந்திக் காய்ந்து விரிசல் விடும். உள்ளே ஈரம் இருந்தாலோ, சூளையில் நீராவியாகி வெடிக்கும். பக்கத்துச் சட்டியும் போச்சு! அவசரப்படவே முடியாது. வீட்டில் எல்லாத்துக்கும் ஓடுகிற எங்களுக்குப் பிடித்ததே அதுதான்.

விற்கலாமே என்கிறீர்கள். அந்த அண்ணனுக்கு இதுதான் சோறு. அவர் சூளையிலேயே வேகவைத்து, அவருக்கே போட்டியாகக் கடை போடுவது நியாயமா? பொங்கல் பானையை இன்னமும் அவரிடம்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்.

சனிக்கிழமை மூணு மணிக்கு வர்றவங்க பழைய சேலை கட்டிட்டு வாங்க. வளையலைக் கழற்றி வெச்சிடுங்க.