காரின் பின்பம்பர் தொங்கினால்

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் குடும்பத்திற்கு மோட்டார் கார் ஓர் ஆடம்பரப் பொருளன்று. அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் செல்வதோடு, ஊரிலிருந்து வரும் பெரியவர்களை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருவதற்கும் அதுவே துணை. அத்தகைய காரில் ஒரு சிறு பழுது நேர்ந்தால், மொழி புதிதாயுள்ள இடத்தில் எந்தப் பட்டறைக்குச் செல்வது, என்னவென்று சொல்வது, கேட்கும் கூலி நியாயந்தானா என்னும் தயக்கம் நம்மில் பலருக்கு உண்டாகின்றது. அத்தயக்கத்தினால் நாம் நாள் கடத்திவிடும் பழுதுகளுள் ஒன்று, பின்புறப் பம்பர் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்குவது.

இதனை வெறும் அழகுக் குறை என்று எண்ணுதல் தவறு. சரிந்த பம்பர் ஓட்டத்தில் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வு, எஞ்சியுள்ள பிடிப்புகளையும் ஒவ்வொன்றாக முறிக்கும். சைலன்சர் குழாயின் மேல் படிந்தால் வெப்பத்தில் உருகவுங்கூடும். வேகமாகச் செல்லும்போது சாலையில் கழன்று விழுமாயின், பின்னால் இரு சக்கர வண்டியில் வருபவரின் உயிருக்கே அது அபாயம். ஆகவே தொங்கும் பம்பரைக் கண்டவுடன் கவனிப்பது நம் காருக்காக மட்டுமன்று, பின்னால் வருவோருக்காகவுமாகும்.

முதலில் அதன் அமைப்பை அறிந்துகொள்வோம். 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடர் காரில் பம்பர் என்பது முலாம் பூசிய எஃகுப் பட்டை. இக்காலக் கார்களில் நம் கண்ணுக்குத் தெரிவது பிளாஸ்டிக் உறை மட்டுமே. பல கார்களில் மோதலைத் தாங்கும் உலோகச் சட்டம் ஒன்று அதன் உட்புறத்தில் மறைந்திருக்கும். உறையின் மேல்விளிம்பு டிக்கியின் வாயருகே கிளிப்புகளாலோ திருகாணிகளாலோ பிடிக்கப்பட்டிருக்கும். இரு ஓரங்களும் விளக்குகளுக்குக் கீழே, சக்கரத்தின் மேல்வளைவு வரையில், பிளாஸ்டிக் தாங்கிகளில் மாட்டப்பட்டிருக்கும். வளைவினுள் ஓரிரு திருகாணிகளும், அடிப்புறத்தில் சில கிளிப்புகளும் உண்டு. காரை நிறுத்தும்போது தூணில் லேசாக உரசினாலும், பின்சக்கரம் நிறுத்துகல்லின் மேல் ஏறி இறங்கும்போது கீழ்விளிம்பு சிக்கி இழுபட்டாலும், இவற்றுள் ஒன்று கழன்றுவிடும். பெரும்பாலும் பழுது அவ்வளவே.

வேலையைத் தொடங்குமுன் காரைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போடுக. சைலன்சர் ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுப்பது நலம். இவ்வேலைக்காக ஜாக்கியின் மேல் தூக்கிய காரின் அடியில் ஒருபோதும் நுழையலாகாது. பக்கத்திலும் பின்னாலும் அமர்ந்தே செய்யக்கூடியதைத்தான் இங்கே கூறுகின்றோம்.

சேற்றைக் கழுவித் துடைத்தபின், பத்தடி பின்னால் நின்று பார்ப்போம். பம்பருக்கும் உடற்பகுதிக்கும் இடையேயுள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருக்கின்றதா? ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் அப்பக்கத்துத் தாங்கியில்தான் கோளாறு. நடுவில் இறங்கியிருந்தால் டிக்கியின் வாயருகே உள்ள பிடிப்புகளைப் பார்க்க வேண்டும். கீழ்விளிம்பு மட்டும் ஆடினால் அடிக்கிளிப்புகள் போயிருக்கும். இதனை அறியாமல் கயிற்றால் இழுத்துக் கட்டுவது, நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஓரம் தாங்கியிலிருந்து நழுவியது மட்டுமே எனில், மருந்து நம் உள்ளங்கையே. வளைவிலுள்ள திருகாணியைத் தளர்த்தி, விளிம்பைத் தாங்கியின் பற்களுக்கு நேராக வைத்து, விளக்கின் பக்கமிருந்து சக்கரத்தை நோக்கி அழுத்திக்கொண்டே வந்தால், ஒவ்வொரு பல்லும் ஒலியுடன் பொருந்தும். பின்னர்த் திருகாணியை இறுக்கலாம். தில்லியின் தை மாதக் குளிரில் பிளாஸ்டிக் இறுகி எளிதில் முறியுமாதலால், அங்குள்ளோர் நண்பகல் வெயிலில் இதனைச் செய்க. அல்லது வெந்நீரில் நனைத்த துணியை அவ்விடத்தில் சற்று நேரம் போர்த்தி வைக்கலாம்.

கிளிப் முறிந்திருந்தால், அதன் நடுமுளையைத் தட்டைத் திருப்புளியால் மெல்ல நெம்பி உயர்த்தினால் முழுவதும் வெளிவரும். பழைய கிளிப்பையே மாதிரியாக எடுத்துச் சென்று, அதே அளவுள்ளதை உதிரிபாகக் கடையில் வாங்குக. துளையைவிடச் சிறிய கிளிப் நிற்காது. தாங்கியே உடைந்திருந்தால், வளைவின் திருகாணிகளைக் கழற்றி, ஒருவர் பம்பரைத் தாங்கிக்கொள்ள, மற்றவர் அதன் ஓரத்தைக் கீழ்நோக்கி இழுக்காமல் வெளிநோக்கி மெல்ல விலக்கி, புதிய தாங்கியைப் பொருத்தலாம். 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்பட்ட கார்களில், பின்னோக்கிச் செல்லும்போது ஒலித்து எச்சரிக்கும் சென்சார்கள் கட்டாயமாக உள்ளன. அவற்றின் கம்பிகள் பம்பரில் இருக்குமாதலால் இழுத்து அறுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பம்பரின் துளையே கிழிந்திருந்தால் அகலமான வாஷர் ஒன்றை வைத்துத் திருகினால் பிடிப்பு மீளும். பசையால் ஒட்டலாம் என்று சிலர் முயல்வதுண்டு. பம்பர்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. சாதாரணப் பசைகள் அதில் நன்கு பற்றுவதில்லை. நைலான் பட்டையால் கட்டுவது பட்டறை வரையில் செல்வதற்கு உதவும். அதனையே நிரந்தரமாக்கிவிடக் கூடாது.

வீட்டில் தொடக் கூடாத பழுதும் உண்டு. உள்ளிருக்கும் உலோகச் சட்டம் வளைந்திருந்தாலும், டிக்கியின் கதவு முன்போல் மூடாவிட்டாலும், அது பட்டறையின் வேலை. அங்கே செல்லுமுன் ஒரு கணக்கையும் நினைவிற் கொள்க. இழப்பீடு கோராத முதல் ஆண்டிற்குக் காரின் சொந்தச் சேதக் காப்பீட்டுக் கட்டணத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். தொடர்ந்து ஐந்தாண்டுகள் கோராவிட்டால் அது 50 விழுக்காடாக உயரும். ஒரு சிறு தாங்கிக்காக இழப்பீடு கோரினால், பொதுவாக இச்சலுகை முழுவதையும் இழக்க நேரும். பழுதுச் செலவையும் தள்ளுபடியையும் ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்தல் அறிவுடைமை.

சீர்செய்தபின் பம்பரைக் கையால் அழுத்தி ஆட்டிப் பார்க்க வேண்டும். எண் பலகை நேராக உள்ளதா, சென்சார் ஒலிக்கின்றதா என்பதையும் சோதிக்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டியபின் மறுமுறை பார்ப்பது நன்று. மும்பை போன்ற மழை மிகுந்த நகரங்களில் வாழ்வோர், மழைக்காலம் முடிந்ததும் அடிப்புறத்தில் தங்கிய சேற்றைக் கழுவிவிடுதல் நலம். சேற்றின் சுமையும் கிளிப்புகளைத் தளர்த்தும்.

இவ்வேலைகளில் ஒன்றையும் நம் கையால் செய்யாவிட்டாலும், பழுது எங்கே என்று அறிந்திருப்பதே பெரும் பயன். பம்பர், கிளிப், டிக்கி என்னும் சொற்கள் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் பட்டறைக்காரருக்குத் தெரிந்தவையே. முறிந்த கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம், இந்த இடம்" என்று சுட்டிக்காட்டுகிறவருக்கு மொழி ஒரு தடையாவதில்லை. வேண்டாத செலவும் நேர்வதில்லை.