ஒரே நேரத்தில் இரண்டு நடந்தால் எது முதல்?



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் உங்களுக்கு வரிசையின் அருமையை நான் சொல்லித் தரவேண்டியதில்லை. கொழுந்தை வாட்டிய பிறகுதான் உருட்ட வேண்டும். உருட்டிய பிறகுதான் புளிக்க விடவேண்டும். அதன் பிறகே உலர்த்த வேண்டும். உருட்டுவதற்கு முன்பே உலர்த்திவிட்டால் கிடைப்பது தேயிலைத் தூள் அன்று. வெறும் காய்ந்த இலை. செய்யும் வேலைகள் அவையேதான். வரிசை மாறினால் பலன் மாறிவிடுகிறது.

ஆனால் இரண்டு காரியங்கள் ஒரே கணத்தில் நடந்துவிட்டால் எதை முதலாவதாகக் கொள்வது? இந்தக் கேள்விக்கு விடையை நம் பிள்ளைகள் விளையாடும் ஓர் அட்டை விளையாட்டிலிருந்து இன்று பார்ப்போம்.

கடந்த பள்ளி விடுமுறையில் ரிங்லெட் பக்கத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். விடாமல் மழை பெய்த மாலை நேரம். திண்ணையில் அண்ணன் தம்பி முறையுள்ள இரண்டு பையன்கள் அட்டைகளைப் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கூச்சல். சின்னவன் தன் அட்டை ஒன்றைக் கிழித்து எறிந்துவிட்டான். தீபாவளிக்குக் கிடைத்த காசைச் சேர்த்து வாங்கிய அட்டை அது. "சீட்டு விளையாடினால் சண்டைதான் வரும், எல்லாவற்றையும் அடுப்பில் போடு" என்றார் பாட்டி.

நேயர்களே, இது காசு வைத்து ஆடும் சீட்டு அன்று. "மேஜிக்: தி கேதரிங்" என்பது இதன் பெயர். ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கக் கணித அறிஞர் உருவாக்கி, 1993-இல் வெளிவந்தது. அட்டைகளை வாங்கலாம், நண்பர்களோடு மாற்றிக்கொள்ளலாம், தனக்கென்று ஒரு கட்டு அமைத்து விளையாடலாம். 2008 பிப்ரவரியில் இதன் பன்னாட்டுத் தொழில்முறைப் போட்டி நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. அமெரிக்க ஆட்டக்காரர் ஜான் ஃபிங்கல் அதில் வென்றார்.

பையன்களின் சண்டை என்ன? இருவருக்கும் உயிர்ப்புள்ளி ஒன்றே ஒன்றுதான் மீதம். பூஜ்யம் ஆனவன் தோற்றான். இருவர் முன்னாலும் "பிளட் ஆர்ட்டிஸ்ட்" என்ற அட்டை இருந்தது. களத்தில் ஏதாவது ஓர் உயிரினம் மடிந்தால், அந்த அட்டைக்கு உரியவர் ஓர் ஆட்டக்காரரைக் குறிப்பார். குறிக்கப்பட்டவர் ஒரு புள்ளி இழப்பார், அட்டைக்கு உரியவர் ஒரு புள்ளி பெறுவார். அப்போது சின்னவனுடைய முறை. அவன் தாக்கினான், தாக்கப்போன உயிரினம் மடிந்தது. உடனே இரண்டு அட்டைகளும் ஒருசேர விழித்துக்கொண்டன.

"என் முறை, என்னுடையதுதான் முதலில். நான் ஜெயித்தேன்" என்றான் சின்னவன். "இரண்டும் ஒன்றாக நடந்ததால் ஆட்டம் சமம்" என்றான் பெரியவன். இரண்டும் தவறு. விதிப்படி வென்றவன் பெரியவன்.

எப்படி என்று பார்ப்போம். "இது நடந்தால் அது நடக்கும்" என்று அட்டையில் எழுதியிருப்பதைத் தூண்டப்படும் ஆற்றல் என்று சொல்லலாம். ஆற்றல் தூண்டப்பட்டாலும் அது உடனே பலிக்காது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் காரியம் முடியும்வரை காத்திருந்து, பிறகு ஓர் அடுக்கில் போய் உட்காரும். பல ஆற்றல்கள் ஒன்றாகத் தூண்டப்பட்டால், யாருடைய முறையோ அவர் தம்முடையவற்றை முதலில் அடுக்க வேண்டும். எதிராளி தம்முடையவற்றை அவற்றின் மேல் அடுக்க வேண்டும். ஒருவருக்கே இரண்டு மூன்று இருந்தால், அவற்றுக்குள் வரிசையை அவரே தீர்மானிக்கலாம்.

இனி முக்கியமான செய்தி. பலிப்பது மேலிருந்து கீழாக. கடைசியாக வைத்ததே முதலில் பலிக்கும்.

பாட்டிக்கு இதை விளக்க நான் சமையலறைத் தட்டுகளைக் காட்டினேன். கழுவிய தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். சாப்பாட்டு நேரத்தில் எடுக்கும்போது, கடைசியாக வைத்த தட்டுதானே முதலில் கைக்கு வருகிறது? கொழுந்து நிறுக்க நிற்கும் வரிசை வேறு. அங்கே முதலில் வந்தவருக்கு முதலில் நிறுவை. இந்த விளையாட்டு நிறுவை வரிசை அன்று, தட்டு அடுக்கு. பாட்டி சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் முதலில் வைத்தவன் அடியில் மாட்டிக்கொண்டான்" என்றார். அதேதான்! சின்னவனுடைய ஆற்றல் அடியில், பெரியவனுடையது மேலே. மேலே இருந்தது பலித்ததும் சின்னவனுடைய புள்ளி பூஜ்யம். அவனுடைய ஆற்றல் பலிக்குமுன்பே ஆட்டம் முடிந்தது.

"அப்போது என் முறை என்பதால் எனக்கு நஷ்டமா?" என்று கேட்டான் சின்னவன். நல்ல கேள்வி. அந்த நிலையில் நஷ்டம்தான். ஆனால் அதே உயிரினம் அண்ணனுடைய முறையில் மடிந்திருந்தால், அண்ணனுடைய ஆற்றல் அடியில் போயிருக்கும், தம்பி வென்றிருப்பான். அவனைத் தோற்கடித்தது அதிர்ஷ்டம் அன்று. பொறுக்காமல் தாக்கிய அவசரம்.

ஒருவருக்கே இரண்டு ஆற்றல்கள் வரும்போதும் கவனம் தேவை. "ஃபைரெக்சியன் அரீனா" என்ற அட்டை, உங்கள் முறையின் தொடக்கத்தில் ஓர் அட்டையைத் தந்து ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளும். "ஃபவுண்டன் ஆஃப் ரினியூவல்" அதே நேரத்தில் ஒரு புள்ளியைத் தரும். உங்களிடம் ஒரே புள்ளி இருக்கிறது. எதை அடியில் வைப்பீர்கள்? புள்ளியை எடுப்பதை அடியிலும், தருவதை மேலேயும் வைத்தால் ஒன்று இரண்டாகி, மீண்டும் ஒன்றாகும், பிழைத்தீர்கள். மாற்றி வைத்தால், நீர் ஊற்றப் பக்கத்தில் இருந்தும் தாகத்தால் மாண்ட கதைதான்.

பிள்ளைகள் விரும்பும் ஜப்பானிய "யூகியோ" விளையாட்டிலும் இதுபோன்ற ஒழுங்கு உண்டு, படிகள் நான்கு. முறைக்காரருடைய கட்டாய ஆற்றல்கள், எதிராளியின் கட்டாய ஆற்றல்கள், பிறகு முறைக்காரர் விரும்பினால் பயன்படுத்தும் ஆற்றல்கள், கடைசியில் எதிராளி விரும்பிப் பயன்படுத்துபவை. இவை ஒரு சங்கிலியாகக் கோக்கப்பட்டு, கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கிப் பலிக்கும். ஆகவே ஒரு விளையாட்டின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்தக் கூடாது.

பெற்றோர்களே, உறை பிரிக்காத அட்டைக் கட்டில் என்ன இருக்கும் என்று வாங்கும்போது தெரியாது. ஆசையில் காசு கரைந்துவிடும். அதற்கு ஓர் அளவு வையுங்கள். சிறுவர்களின் நல்ல அட்டையைப் பெரியவர்கள் மலிவாக மாற்றிக்கொண்டு போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சண்டை வந்தவுடன் அட்டையை அடுப்பில் போட வேண்டாம். "விதி என்ன சொல்கிறது? படித்துக் காட்டு" என்று கேளுங்கள். வயதில் மூத்தவன் சொன்னதோ, உரக்கக் கத்தியவன் சொன்னதோ நியாயம் ஆகாது. இருவருக்கும் பொதுவாக முன்பே வகுத்த விதிதான் நியாயம். இதைத் திண்ணையில் கற்ற பிள்ளை, நாளை சம்பளச் சீட்டையும் ஒப்பந்தத்தையும் கையெழுத்திடுமுன் வரி வரியாகப் படிப்பான்.

கிழிந்த அட்டையைச் சின்னவன் பசை தடவி ஒட்டினான். மறுநாள் மாலை மழை விடவில்லை, ஆட்டமும் விடவில்லை. சின்னவன் தன் முறையில் தாக்காமல் காத்திருந்தான். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "யாருடையது அடியில்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.