தலைவிக்கு நிற்பவர்களிடம் என்ன கேட்பது?

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் நிர்வாகிகள் தேர்தலுக்கு முன் நடந்த உறுப்பினர் கூட்டத்தில், களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



தலைவி பொறுப்புக்கு நிற்கிற மூணு அக்காக்களும் பேசி முடிச்சாங்க. யாருக்கு ஓட்டுப் போடணும்னு களப்பணியாளர்கள் நாங்க சொல்ல மாட்டோம், சொல்லவும் கூடாது. அவங்ககிட்ட நீங்க என்ன கேட்கலாம் என்பதை மட்டும் சொல்றோம்.

முதல்ல பேசின அக்கா, "நான் முன்னால நின்னு ஓடுறேன், நீங்க கவலைப்படாம இருங்க"ன்னாங்க. கைதட்டலும் அவங்களுக்குத்தான் அதிகம். பேங்க், பி.டி.ஓ. ஆபீஸுன்னு அலையத் தைரியம் வேணும், அதைக் குறை சொல்லலை. ஆனா கூட்டமைப்பு பேர்ல வாங்குற கடன் எல்லாருடைய தலையிலும்தான் இருக்கு. எவ்வளவு வாங்கினோம், எந்தக் குழுவுக்கு எவ்வளவு போச்சு, எவ்வளவு திரும்பி வந்ததுன்னு தெரியாம எப்படிக் கவலைப்படாம இருக்க முடியும்? செக் புத்தகம் யார் வீட்டுல இருக்கும்னு கேளுங்க. தொகை எழுதாத செக்குல கையெழுத்துப் போடச் சொன்னா பொருளாளர் மறுக்கலாமான்னு கேளுங்க. மாசக் கூட்டத்துல பாஸ் புத்தகத்தையும் தீர்மான நோட்டையும் சத்தமா வாசிப்பீங்களான்னு கேளுங்க.

எழுதப் படிக்கத் தெரியாதவங்க கணக்குக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அகமதாபாத்தில் 1974-ல் சேவா வங்கியைத் தொடங்கியது, ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்ட 4,000 பெண்கள். காய்கறி விற்கிறவங்க, கூலி வேலைக்குப் போறவங்க. கையெழுத்துப் போடத் தெரியாதவங்க அதுல நிறைய பேர். போட்டோவை வச்சு அடையாளம் பார்த்து அவங்க கணக்கை நடத்தினாங்க.

இரண்டாவது அக்கா, "உங்களைக் கேட்காம ஒண்ணும் செய்ய மாட்டேன்"ன்னாங்க. நல்ல வார்த்தைதான். ஆனா நாளைக்கே பேப்பர் கொடுங்கன்னு பேங்க்ல சொன்னா, எல்லாக் குழுவையும் கூப்பிட்டுக் கேட்க நேரம் இருக்குமா? பஸ் செலவையும் ஜெராக்ஸ் செலவையும் நிர்வாகிகளே பார்த்துக்கலாம். வெளியில கடன் வாங்குறதும், யாருக்குக் கடன் கொடுக்கிறதும் கூட்டத்துக்கு வந்தே ஆகணும். அந்தக் கோட்டை எங்கே போடுவாங்கன்னு கேளுங்க.

மூணாவது அக்கா பேசினது பின்னால இருந்தவங்களுக்குக் கேட்டிருக்காது. வேலையைப் பிரிச்சுக் கொடுத்து, மத்தவங்களையும் பழக்குவேன்னு சொன்னாங்க. நம்ம கூட்டமைப்பு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிஞ்சது. அதன்படி செயற்குழுவின் பதவிக்காலம் 3 வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. மறுபடி நிற்கலாம், தப்பில்லை. ஆனா அடுத்து நிற்க வேற ஆளே இல்லைன்னா அது தேர்தலா? அதனால அவங்க சொன்னதைச் சின்னதா நினைக்காதீங்க. யாரை, எந்த வேலைக்கு, எப்போ பழக்குவீங்கன்னு கேளுங்க.

மூணு பேருக்கும் பொதுவா ஒரு கேள்வி. வீட்டுக்காரருக்கு ஆபரேஷன்னு மூணு தவணை விட்ட உறுப்பினரை என்ன செய்வீங்க? வாங்கின கடனை வட்டிக்கு விட்டுட்டு, கட்டாம இருக்கிறவங்களை என்ன செய்வீங்க? அவங்க உங்க நாத்தனாரா இருந்தா?

டீ வந்தாச்சு. குடிச்சிட்டு, குழுவுக்கு ஒருத்தராவது எழுந்து கேளுங்க. ஓட்டுச் சீட்டு மூணு மணிக்குத்தான் கொடுப்போம்.