கோலிக்கு நின்றவர்



பேட்டையில் சாயங்காலம் பையன்கள் பந்தாட ஆள் பிரிக்கையில், கடைசியாக மிஞ்சுகிறவனைப் பார்த்து, "ஏலே, நீ கோலிக்கு நில்லு" என்பார்கள். ஓட்டம் வராதவனுக்கு ஒதுக்கிய இடம் அது. இந்தியக் கால்பந்து அணியின் கோல்கீப்பராக இருந்த பீட்டர் தங்கராஜோ முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்துவிட்டு அங்கே போனவர்.

1935இல் ஹைதராபாத்தில் பிறந்தார். 1953இல் ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு முதலில் சென்டர் ஃபார்வர்டாகத்தான் ஆடினார். கோல்கீப்பரானது பிறகு. அந்த அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றது.

ஆறடி தாண்டிய உயரம்தான் அவர் திறமைக்குக் காரணம் என்பார்கள். எனக்கு அது பாதிக் காரணம். நல்ல கோலி அதிகம் பாய்வதில்லை. எதிராளி பந்தோடு தனியாக வரும்போது கோட்டிலேயே நின்றால் கோலின் எட்டு கெஜ அகலமும் அவனுக்குத் திறந்து கிடக்கும். நாலு எட்டு முன்னால் போனால், அடிக்கிறவன் கண்ணுக்குக் கோல் சுருங்கிவிடும். கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டாலோ, தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவான்! இந்தக் கணக்கு, ஒரு காலத்தில் தானே அடித்தவனுக்குச் சீக்கிரம் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. தங்கராஜுக்கு உடம்பு சரியில்லாததால் பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். தென்கொரியாவோடு இறுதி ஆட்டம் என்றதும் பயிற்சியாளர் ரஹீம் தங்கராஜையே இறக்கினார். துணிச்சல்தான். அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். பி.கே. பானர்ஜியும் தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங்கும் கோல் போட்டார்கள். இரண்டுக்கு ஒன்று, தங்கம். 1967இல் தங்கராஜுக்கு அர்ஜுனா விருது.

ஆட்டத்தை விட்டபின் கோவாவில் வாஸ்கோ அணி, பிறகு அலிகார் பல்கலைக்கழகம், கடைசியில் பொகாரோ உருக்காலையின் கால்பந்து அகாடமி என்று பயிற்சியாளராக இருந்தார். ஆட்டத்தை விட்டுப் பயிற்சிக்கு வந்தவருக்கு வெளிநாட்டில் கிடைத்த இடத்தையும் பாருங்கள். ஸ்காட்லாந்துக்காரர் மேட் பஸ்பி 1934இல் மான்செஸ்டர் சிட்டிக்காக எஃப்.ஏ. கோப்பை வென்ற ஆட்டக்காரர். 1945இல் மான்செஸ்டர் யுனைடெட் மேலாளரானபோது, ஆட்களைத் தேர்வு செய்யும் அதிகாரம் முழுவதையும் கேட்டு வாங்கிக்கொண்டார். 1968இல் ஐரோப்பியக் கோப்பையே கிடைத்தது. நம் நாட்டில் ஓய்வுபெற்ற ஆட்டக்காரருக்கு அப்படி ஒரு நாற்காலி லேசில் அமையாது. பயிற்சியாளராகப் பானர்ஜி வாங்கிய பெயர் தங்கராஜுக்கு வரவில்லை என்பதும் நிஜம். பொகாரோவில் அவர் கையில் இருந்தது வளரும் பையன்கள். அந்த வேலைக்குக் கோப்பை தருகிறவர் யாரும் கிடையாது. 2008 நவம்பரில் அந்த ஊரிலேயே காலமானார்.