பிளக்கைப் பிடுங்கியும் தண்ணி வந்தது
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னாடி பேசியவங்க எல்லாரும் கடன் வாங்கி முன்னேறிய கதையைச் சொன்னாங்க. நான் கடன் வாங்காமல் தப்பித்த கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி என் மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையானாங்க. தினமும் போர்வை, விரிப்பு, சேலை என்று ஒரு மூட்டை துவைக்க வேண்டும். கை தேய்ந்து போச்சு. குழுவில் 16,000 ரூபாய் கடன் வாங்கி ஒரு வாஷிங் மிஷின் வாங்கினேன். மேலே மூடி திறக்கிற மாதிரி, தானாகவே தண்ணி பிடித்துக்கொள்கிற வகை.

போன ஆடி மாசம் ஒரு நாள் விடியற்காலை எழுந்து பார்க்கிறேன், பின்கட்டு முழுக்கத் தண்ணி. ராத்திரி மிஷினை அணைத்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் உள்ளே விளிம்பு வரை நிறைந்து வழியுது. மாடித் தொட்டி காலி. எங்க தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி. அன்றைக்கு மாமியாரைக் குளிப்பாட்டக்கூட பக்கத்து வீட்டில் குடம் கேட்டு நின்றேன்.

ரிப்பேர் பார்க்கிறவர் வந்தார். மிஷினைத் திறக்கவே இல்லை. "போர்டு போயிருச்சும்மா, 4,200 ஆகும்" என்றார். எனக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி. அந்த வாரக் கூட்டத்தில் மறுபடியும் கடன் கேட்கலாம் என்று போனேன்.

எங்க குழுவில் ஒரு அக்கா ஊராட்சியில் தண்ணித் தொட்டி ஆபரேட்டர். விஷயத்தைச் சொன்னதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "ஏம்மா, பிளக்கைப் பிடுங்கினாலும் தண்ணி வருதா?"

வீட்டுக்கு வந்து பிளக்கைப் பிடுங்கினேன், குழாயைத் திறந்தேன். நூல் மாதிரி தண்ணி வந்துகொண்டே இருந்தது.

அக்கா சொன்னாங்க: "கரண்டே இல்லாதப்போ போர்டு என்ன பண்ணும்? வால்வுதான் மூடல."

அப்போதுதான் பத்தாவதில் படித்த மின்காந்தம் ஞாபகம் வந்தது. கம்பிச் சுருளில் கரண்ட் போனால் காந்தமாகும், நின்றால் காந்தம் போய்விடும். தண்ணி உள்ளே வரும் வால்விலும் அதே சுருள்தான். கரண்ட் வரும்போது ஒரு சின்ன இரும்புத் தண்டை அது மேலே இழுக்கும், வழி திறக்கும். கரண்ட் நின்றால் ஸ்பிரிங் தண்டைக் கீழே தள்ளும். உள்ளே ஒரு ரப்பர் தட்டு இருக்கு. அதன் ஓரத்தில் ஊசித்துளை. அந்தத் துளை வழியாகத் தண்ணி தட்டுக்கு மேலே போய் அழுத்தினால்தான் வழி இறுக மூடும். எங்க ஊர் போர்த் தண்ணியோ குடத்தில் வெள்ளைப் படிவு விழுகிற உப்புத்தண்ணி. உப்பு அந்தத் துளையை அடைத்தால் வால்வு மூடாது.

முதலில் சுத்தம் பண்ணிப் பார்த்தேன். குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, பின்னால் மாட்டியிருக்கும் ஹோஸைக் கழற்றினேன். வால்வின் வாயில் ஒரு சின்ன வலை இருக்கு. குறடால் மெதுவாக இழுத்தேன், வந்துவிட்டது. சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தது. எலுமிச்சம்பழச் சாற்றில் ராத்திரி முழுக்க ஊற வைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். தண்ணி வேகமாகப் பிடிக்க ஆரம்பித்தது, ஆனால் கசிவு நிற்கவில்லை. வலையில் இருந்த உப்பு போச்சு, வால்வுக்குள் இருந்தது போகவில்லை. சரி, மாற்ற வேண்டியதுதான்.

வீட்டுக்காரர் போனில், "நீ எதுக்கு அதில கை வைக்கிற?" என்றார். "4,200 ரூபாய்க்காக வைக்கிறேன்" என்றேன்.

பின்பக்க மூடியின் திருகுகளைக் கழற்றினேன். எந்த ஒயர் எந்த முனையில் இருக்கு என்று போனில் படம் எடுத்துக்கொண்டேன். வால்வைப் பிடித்திருந்தது இரண்டே திருகு. உள்ளே போகும் ரப்பர் குழாயின் கிளிப்பைக் குறடால் நெருக்கி உருவினேன். பழைய வால்வையே பையில் போட்டு டவுன் கடைக்கு எடுத்துப் போனேன். மேலே அச்சடித்த எண், வோல்ட், திருகு இடம் எல்லாம் ஒத்துப் பார்த்துத்தான் கொடுத்தாங்க. விலை 380 ரூபாய்.

மாட்டும்போது ஒரு தப்பு பண்ணினேன். ஹோஸ் முனையில் இருக்கிற ரப்பர் வாஷரை விட்டுவிட்டேன், தண்ணி பீய்ச்சி அடித்தது. மறுபடி கழற்றி வாஷர் போட்டுக் கையாலேயே இறுக்கினேன். பிளக் மாட்டாமலே குழாயைத் திறந்துவிட்டுப் பத்து நிமிஷம் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை, வெளியேயும் கசிவில்லை. ஈரத்தைத் துடைத்து, மூடியைப் பூட்டி, அதற்கப்புறம்தான் கரண்ட் கொடுத்தேன். அன்றைக்கு மாமியார் விரிப்பு துவைத்து மத்தியானத்துக்குள் காய்ந்தது.

நீங்கள் பார்க்கும்போது சிலதை மறக்காதீங்க. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கணும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்காதீங்க. வாரண்டி இருந்தால் திறக்காதீங்க, கம்பெனி ஆளைக் கூப்பிடுங்க. தொட்டால் ஷாக் அடித்தாலோ கருகல் வாடை வந்தாலோ எலக்ட்ரீஷியன்தான் பார்க்கணும். பிளக்கைப் பிடுங்கியதும் தண்ணி நின்றுவிட்டால், வால்வு மூடுகிறது என்று அர்த்தம். தப்பு வேறிடத்தில் இருக்கலாம், நான் சொன்னதை நம்பி வால்வு வாங்காதீங்க. துவைத்து முடித்ததும் குழாயை மூடுங்க. இரண்டு மூன்று மாசத்துக்கு ஒருமுறை அந்த வலையைக் கழுவுங்க.

ரிப்பேர்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவர் பார்க்காமல் சொன்னார், நான் கேட்காமல் நம்பினேன். கடன் மனுவை அன்றைக்கு நீட்டியிருந்தால் குழுவும் கொடுத்திருக்கும். புது போர்டு மாட்டியும் தண்ணி வழிந்திருக்கும்.

அதனால் கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. ஸ்க்ரூ டிரைவர், குறடு, டெஸ்டர் எல்லாம் உள்ள ஒரு பெட்டியை நம்ம அலுவலகத்தில் வாங்கி வையுங்க. ஒருநாள் பயிற்சியும் கொடுங்க. கடன் பதிவேடு மாதிரி, எந்த வீட்டில் எது பழுதாச்சு, எப்படிச் சரியாச்சு என்று எழுத ஒரு நோட்டும் வேணும். முதல் பக்கத்தில் அந்த ஆபரேட்டர் அக்கா கேட்ட கேள்வியை நானே எழுதித் தருகிறேன்.